பேசும் மரங்கள்: காயமுற்ற தாவரங்கள் வெளியிடும் ஆவிப்பொருள்கள் பற்றிய ஆய்வின் வரலாறு

தாவரத்தின் இலை கிழிபடும்போதும், புழு கடிக்கும்போதும், நோய் தாக்கும்போதும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் அதிலிருந்து காற்றில் கலக்கின்றன. புல் வெட்டிய இடத்தில் எழும் பச்சை வாசனை, வெங்காயம் நறுக்கும்போது கண்ணைக் கரிக்கும் ஆவி, கசக்கிய துளசியின் மணம் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. ஆனால் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. துளசியில் மணப்பொருள் முன்பே இலையின் நுண்சுரப்பிகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கசக்கும்போது சுரப்பி உடைகிறது, அவ்வளவே. புல்லிலும் வெங்காயத்திலும் திசு சிதைந்த பிறகுதான், அதுவரை தனித்தனியே இருந்த மூலப்பொருளும் நொதியும் கலந்து சில நொடிகளில் ஆவி உருவாகிறது. இவை தவிர மூன்றாவதாக ஒரு வகை உண்டு. காயம்பட்டுச் சில மணி நேரம் கழித்து, அதற்கான மரபணுக்களை இயக்கி, தாவரம் புதிதாகத் தயாரித்து வெளியிடும் ஆவி அது. காயம் படாத இலைகளிலிருந்தும் அது வெளிவரும்.

இந்த ஆவிகளை அருகிலுள்ள வேறொரு தாவரம் உணர்ந்து, தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி 1983இல் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து வெளிவந்த இரண்டு ஆய்வுகள் முடியும் என்றன. செய்தித்தாள்கள் அதற்கு ‘பேசும் மரங்கள்’ என்று பெயர் சூட்டின. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கருத்து அறிவியல் உலகில் ஏறக்குறைய கைவிடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், வேறு சான்றுகளின் வலுவில் அது மீண்டும் ஏற்கப்பட்டது. முதலில் மறுத்தவர்களின் வாதங்களும் பெரும்பாலும் சரியானவையே என்பது இந்த வரலாற்றின் சிக்கலான பகுதி.

தொடக்ககால அறிதல்கள்

தாவரங்கள் காற்றிலுள்ள ஒரு வாயுவுக்கு எதிர்வினை காட்டும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கான நிலக்கரி வாயு நிலத்தடிக் குழாய்களிலிருந்து கசிந்த இடங்களில் மரங்கள் இலை உதிர்த்தன. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாணவராக இருந்த டிமிட்ரி நெல்யூபொவ், ஆய்வகத்தில் இருட்டில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் நிமிர்ந்து வளராமல், குட்டையாகிப் பருத்துக் கிடைமட்டமாகப் படர்வதைக் கண்டார். வெளிக்காற்றில் வைத்தபோது அவை நேராக வளர்ந்தன. விளக்கு வாயுவிலிருந்த எத்திலீனே இதற்குக் காரணம் என்று 1901இல் அவர் வெளியிட்டார். 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள்கள் தாமே எத்திலீனை வெளியிடுகின்றன என்று வேதியியல் முறையில் நிறுவினார். தமிழ்நாட்டில் வாழைத்தார்களை மூடிய அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும் பழக்கத்தில் வேலை செய்வதும் புகையிலுள்ள இதே வாயுதான். எத்திலீன் பழங்களுக்கு மட்டும் உரியதல்ல. காயம்பட்ட இலையும் தண்டும் அதை வெளியிடுகின்றன.

பச்சை வாசனையின் வேதியியலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர்களான தியோடர் குர்ட்டியஸ், ஹார்ட்விக் ஃப்ரான்சன் ஆகியோர் ஆராய்ந்தனர். இலைகளிலிருந்து ஹெக்சனால் என்ற ஆறு கார்பன் ஆல்டிஹைடை அவர்கள் பிரித்தெடுத்தனர். இலைச் சவ்வுகளிலுள்ள கொழுப்பு அமிலங்கள் உடைந்து இவ்வகைப் பொருள்கள் உண்டாகின்றன. அன்று யாரும் அவற்றைச் செய்தி என்று எண்ணவில்லை. வாசனைத் திரவியத் தொழிலுக்கும் தேயிலையின் தரத்துக்கும் தொடர்புடைய பொருள்களாகவே அவை பல பத்தாண்டுகள் ஆராயப்பட்டன.

காயத்துக்குப் பதில் தரும் செடி

தாவரம் கடிபட்ட பிறகு தன் வேதியியலை மாற்றிக்கொள்கிறது என்பதற்குத் தெளிவான சான்றை 1972இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் ரயன், தம் சக ஆய்வாளர் கிரீனுடன் சேர்ந்து தந்தார். உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலையைக் கொலராடோ வண்டு தின்றபோது, அந்த இலையில் மட்டுமல்லாது நிலத்துக்கு மேலுள்ள மற்ற இலைகளிலும் ஒரு புரதம் விரைவாகச் சேர்ந்தது. விலங்குகளின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளைத் தடுக்கும் புரதம் அது. தின்ற புழுவுக்கு உணவு செரிக்காது. செடி தன் பாதுகாப்பை எப்போதும் ஏந்தி நிற்பதில்லை, தேவைப்படும்போது தயாரிக்கிறது என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது.

கடிபட்ட இலையிலிருந்து கடிபடாத இலைக்குச் செய்தி செடிக்குள்ளேயே, சாறு ஓடும் குழாய்கள் வழியே செல்கிறது என்பதுதான் அன்றைய புரிதல். காற்று வழியாகச் செல்லக்கூடும் என்று கருத அப்போது காரணம் எதுவும் இருக்கவில்லை.

சியாட்டிலின் வில்லோ மரங்கள்

அதே மாநிலத்தின் மறுகோடியில், சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோட்ஸ் என்ற ஆய்வாளர் இருந்தார். 1970களின் இறுதியில் அப்பகுதியின் மரங்களைக் கூடாரக் கம்பளிப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகத் தாக்கிக்கொண்டிருந்தன. கிளைகளுக்கிடையே பட்டுநூலால் கூடாரம் போலக் கூடு பின்னி வாழும் புழுக்கள் இவை. பெருகிய இந்தப் புழுக்கள் சில பருவங்களுக்குப் பின் திடீரெனச் சரிவது வழக்கம். மரங்களே இலைகளின் தன்மையை மாற்றி இந்தச் சரிவுக்குக் காரணமாகின்றனவா என்று ரோட்ஸ் அறிய விரும்பினார்.

அவர் சில சிட்கா வில்லோ மரங்களில் புழுக்களை விட்டார். சற்றுத் தள்ளியிருந்த வேறு சில வில்லோக்களை ஒப்பீட்டுக்காகத் தொடாமல் வைத்தார். இரு வகை மரங்களிலிருந்தும் இலைகளைப் பறித்து, ஆய்வகத்தில் வளர்த்த புழுக்களுக்கு உணவாகக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அளந்தார். தாக்கப்பட்ட மரங்களின் இலையைத் தின்ற புழுக்கள் மெதுவாக வளர்ந்தன. இது அவர் எதிர்பார்த்தது. எதிர்பாராதது என்னவென்றால், சில நாள்கள் கழித்து, தொடாமல் வைத்த மரங்களின் இலைகளும் புழுக்களுக்கு ஒவ்வாதவையாக மாறின. ஒப்பீட்டுக்காக வைத்த மரங்களே மாறிவிட்டால் சோதனை பாழ் என்று ஒதுக்கிவிடும் ஆய்வாளர்களும் உண்டு. ரோட்ஸ் ஒதுக்கவில்லை. இரு வகை மரங்களின் வேர்களும் இணைந்திருந்ததற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே தாக்கப்பட்ட மரங்களிலிருந்து காற்றில் பரவும் ஏதோ ஒரு பொருள் அண்டை மரங்களை எச்சரித்திருக்கலாம் என்று 1983இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஒரு தொகுப்பு நூலில் எழுதினார். அந்தப் பொருள் எது என்று அவர் காட்டவில்லை. ‘இருக்கலாம்’ என்ற அளவில்தான் எழுதினார்.

டார்ட்மவுத்தின் கண்ணாடிப் பெட்டிகள்

அதே ஆண்டு ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டார்ட்மவுத் கல்லூரியின் ஜாக் ஷுல்ட்ஸும், அங்கு இளநிலைப் பட்டம் பெற்றிருந்த இயன் பால்ட்வினும் அதை எழுதியிருந்தனர். ரோட்ஸின் சோதனை திறந்தவெளியில் நடந்தது. இவர்கள் தொட்டியில் வளர்த்த பாப்லர் கன்றுகளையும் சர்க்கரை மேப்பிள் நாற்றுகளையும் காற்றுப் புகாத ஒளிபுகு பெட்டிகளுக்குள் வைத்தனர். ஒரு பெட்டியில் சில கன்றுகளின் இலைகள் கையால் கிழிக்கப்பட்டன. மற்றவை அதே காற்றைப் பகிர்ந்துகொண்டு, தீண்டப்படாமல் நின்றன. கிழிக்கப்பட்ட கன்றுகள் எதுவுமில்லாத வேறொரு பெட்டி ஒப்பீட்டுக்கானது.

இலைப்பரப்பில் 7 விழுக்காடு கிழிக்கப்பட்ட பாப்லர்களில் 52 மணி நேரத்துக்குள் பீனால் சேர்மங்கள் கூடின. துவர்ப்புச் சுவை தரும் டானின்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பூச்சிகளுக்கு இவை பொதுவாக உகந்தவை அல்ல. அருகில் நின்ற கிழிபடாத கன்றுகளிலும் அதே மாற்றம் தெரிந்தது. மேப்பிளில் 36 மணி நேரத்திலேயே தெரிந்தது. ஆனால் கிழிபடாத மேப்பிள்களில் அந்த உயர்வு தொடர்ந்து நீடிக்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர்.

மறுப்பு

செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் சூழலியலாளர்கள் பலருக்கு இந்தச் செய்தி உவப்பாக இல்லை. அதற்கு ஒரு பின்னணி உண்டு. பத்தாண்டுகளுக்கு முன், 1973இல், ‘தாவரங்களின் ரகசிய வாழ்க்கை’ என்ற பொருள்படும் ஆங்கில நூலொன்று பெரும் விற்பனை கண்டது. செடிகள் மனிதரின் எண்ணங்களை உணரும், இசையை ரசிக்கும் என்பன போன்ற கூற்றுகள் அதில் நிறைந்திருந்தன. முறையான சோதனைகளில் அவை நிலைக்கவில்லை. தாவர உணர்வு என்ற சொல்லே ஆய்வாளர்களிடையே கேலிக்குரியதாகியிருந்த காலத்தில்தான் மரங்கள் பேசுகின்றன என்ற தலைப்புகள் வந்தன. அந்தத் தலைப்புகளை ரோட்ஸோ பால்ட்வினோ எழுதவில்லை. ஆனாலும் அதன் விலையை அவர்களே கொடுக்க நேர்ந்தது.

வலுவான மறுப்பு 1985இல் ‘அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ இதழில் வெளியானது. எழுதியவர்கள் சைமன் ஃபவுலரும் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாட்டனும். பிறர் ஏற்கத் தயங்கும் எதிர்வாதத்தை வேண்டுமென்றே எடுத்து வாதிடுவதாகத் தலைப்பிலேயே அவர்கள் அறிவித்தனர். அவர்கள் எழுப்பிய கேள்விகள் எளிமையானவை. ரோட்ஸின் புழுக்கள் மெதுவாக வளர்ந்ததற்கு இலை காரணமா, அல்லது தாக்கப்பட்ட மரங்களிலிருந்து தொற்று நோய் ஒன்று பரவியதா? புழுக்கள் கூட்டமாகப் பெருகும்போது நோய் பரவுவது இயல்புதானே?

டார்ட்மவுத் சோதனையில் குறை வேறு இடத்தில் இருந்தது. அதில் பல கன்றுகள் இருந்தாலும் காற்று என்னவோ இரண்டு பெட்டிக் காற்றுதான். ஒரு பெட்டியில் வெப்பமோ ஈரப்பதமோ ஒளியோ சற்று வேறுபட்டிருந்தால் அதிலுள்ள எல்லாக் கன்றுகளும் ஒன்றுபோலவே மாறும். கன்றுகளைத் தனித்தனியே எண்ணிப் புள்ளியியல் கணக்கிடுவது, ஒரே வயலில் விளைந்த முப்பது கதிர்களைப் பறித்துவிட்டு முப்பது வயல்களைச் சோதித்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும். இந்தப் பிழைக்குச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல்தான், அதாவது அந்தக் கட்டுரை வந்த மறு ஆண்டில், ‘போலி மறுசெய்கை’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்திருந்தார். அன்றைய சூழலியல் ஆய்வுகளில் அது பரவலாக இருந்த பிழை. அதற்காக இந்த ஆய்வுகள் அளவுக்கு வேறெதுவும் தாக்கப்படவில்லை. ஃபவுலரும் லாட்டனும் பூர்ச்ச மரக் கன்றுகளில் தாமே செய்த சோதனைகளில் அண்டைக் கன்றுகளுக்குச் செய்தி சென்றதாக நம்பத்தக்க அறிகுறி கிடைக்கவில்லை.

இதன்பின் இந்தத் துறைக்கு ஆய்வுநிதி கிடைப்பது அரிதாயிற்று. ரோட்ஸ் நிதி கிடைக்காமல் பல்கலைக்கழக ஆய்விலிருந்தே விலகினார். பால்ட்வின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சென்று, தாவர வேதியியலை அடிப்படையிலிருந்து கற்றார். ஒரே ஆண்டில் ஒரே கருத்தை வெளியிட்ட இருவரின் பாதைகள் இவ்வாறு பிரிந்தன.

புழுவின் எதிரிக்கு அழைப்பு

இதே காலத்தில், மரங்கள் பேசுகின்றனவா என்ற சர்ச்சையில் சிக்காமல், நெதர்லாந்தில் வேறொரு கேள்வி ஆராயப்பட்டது. செடிகளின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன்களை வேட்டையாடித் தின்னும் இன்னொரு வகைப் பேன் உண்டு. அதற்குக் கண் இல்லை. பரந்த வயலில் தன் இரையை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? மவுரிஸ் சபெலிஸும் மார்செல் டிக்கேயும், ‘டபுள் பீன்ஸ்’ என்று தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கப்படும் லிமா அவரைச் செடிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். இரு கிளைகளாகப் பிரியும் குழாயின் ஒரு முனையிலிருந்து தாக்கப்பட்ட செடியின் வாசனையும், மறுமுனையிலிருந்து நலமான செடியின் வாசனையும் வரும்படி செய்தனர். வேட்டைப்பேன்கள் பெரும்பாலும் தாக்கப்பட்ட செடியின் பக்கமே சென்றன. அந்த வாசனை பேன்களிலிருந்து வரவில்லை, செடியிலிருந்து வந்தது. செடி மெய்க்காவலர்களை வரவழைக்கிறது என்ற கருத்தை 1988இல் அவர்கள் முன்வைத்தனர்.

அமெரிக்க வேளாண் துறையின் ஃபுளோரிடா ஆய்வகத்தில் டெட் டர்லிங்ஸ், ஜேம்ஸ் டம்லின்சன் ஆகியோர் ஜோ லூயிஸுடன் சேர்ந்து 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. மக்காச்சோள நாற்றைப் படைப்புழு வகை ஒன்று தின்றபோது நாற்று டெர்பீன் வகை ஆவிகளைப் பெருமளவில் வெளியிட்டது. புழுக்களின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் அந்த வாசனையை இரையோடு தொடர்புபடுத்தக் கற்றுக்கொண்டு, அதைப் பின்பற்றி வந்தன. நாற்றைக் கத்தியால் கீறினால் மட்டும் அந்த அளவு வாசனை எழவில்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால் எழுந்தது. அதாவது காற்றில் கீறப்பட்டதற்கும் புழுவால் கடிபட்டதற்கும் செடி வேறுபாடு காண்கிறது. அந்த வாய்நீரிலிருந்து 1997இல் ‘வொலிசிட்டின்’ என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியான கொழுப்பு அமிலம் புழு தின்ற இலையிலிருந்தே வந்தது என்பது வேடிக்கை. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களை அழித்த படைப்புழுவும் இந்தப் புழுவின் பேரினத்தைச் சேர்ந்ததே.

அடுத்து, கான்சுவேலோ டி மொராயஸ் குழுவினர் 1998இல் இந்த அழைப்பு எவ்வளவு நுட்பமானது என்று காட்டினர். நெருங்கிய உறவுடைய இரு புழு இனங்கள் கடிக்கும்போது புகையிலை, பருத்தி, மக்காச்சோளச் செடிகள் வெளியிடும் வாசனைக் கலவை இனத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஓர் இனப் புழுவில் மட்டும் முட்டையிடும் குளவி அந்த வேறுபாட்டை அறிந்து சரியான செடிக்கே வருகிறது. 2001இல் இதே குழு, புழு தின்னும் புகையிலை இரவில் மட்டும் சில ஆவிகளை வெளியிடுவதையும், முட்டையிட வரும் தாய் அந்துப்பூச்சிகள் அவற்றை விலக்குவதையும் கண்டது.

இந்த ஆய்வுகளை எதிர்த்து ‘போலி மறுசெய்கை’ என்று யாரும் கூற முடியவில்லை. வாயு நிறப்பகுப்புக் கருவிகளால் பொருள்கள் பெயருடன் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொரு குளவியும் தனித்தனியே சோதிக்கப்பட்டது. அதைவிட முக்கியமாக, செடிக்கு இதனால் என்ன பயன் என்பது தெளிவாக இருந்தது. காயமுற்ற செடியின் வாசனையில் செய்தி உண்டு என்பதை அறிவியல் உலகம் இந்த வழியாகவே ஏற்றுக்கொண்டது. அந்தச் செய்தியை இன்னொரு செடி படிக்குமா என்பது மட்டும் எஞ்சி நின்றது.

மல்லிகை மணம் தந்த தடயம்

அதற்கான வேதியியல் தடயம், தற்காப்புப் புரதத்தை முன்பு கண்டறிந்த ரயனின் ஆய்வகத்திலிருந்தே வந்தது. 1990இல் எட்வர்ட் ஃபார்மரும் ரயனும் தக்காளிச் செடிகளை மூடிய பெட்டிக்குள் சேஜ்பிரஷ் என்ற புதரின் கிளைகளுடன் வைத்தனர். அமெரிக்க மேற்குப் பகுதியின் வறண்ட நிலங்களில் பரவிக் கிடக்கும் இந்தப் புதர், மருக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது, நல்ல மணமுடையது. தக்காளியில் காயம் ஏதுமில்லாமலே அதே தற்காப்புப் புரதம் சேர்ந்தது. காரணமான பொருள் மெத்தில் ஜாஸ்மோனேட்.

பெயரே சொல்வதுபோல இது மல்லிகைக் குடும்பத்துப் பொருள். பிச்சி அல்லது ஜாதிமல்லி என்று தமிழகத்தில் தொடுத்துச் சூடப்படும் பூவின் நறுமண எண்ணெயிலிருந்து 1962இல் இது பிரித்தெடுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளாக வாசனைத் திரவியப் பொருளாக அறியப்பட்டிருந்த அது, தாவரத்தின் காயச் செய்தியோடு தொடர்புடையது என்று இப்போது தெரியவந்தது. ஜாஸ்மோனேட் குடும்பத்துப் பொருள்களே செடிக்குள் காயத்தை அறிவிக்கும் ஹார்மோன்கள் என்பது பிற்கால ஆய்வுகளில் உறுதியாயிற்று. 1997இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேமல் நச்சுயிரி தாக்கிய புகையிலை மெத்தில் சாலிசிலேட்டை வெளியிட்டு அண்டைச் செடியின் நோய் எதிர்ப்பைத் தூண்டுவதையும் காட்டினர். தைலக் களிம்புகளில் மணக்கும் அதே பொருள்தான் அது.

ஆயினும் இவை மூடிய பெட்டிகளில் கிடைத்த முடிவுகள். காற்று வீசும் வெளியில் இது நடக்குமா?

சியரா நெவாடாவின் புதர்கள்

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கார்பன், சியரா நெவாடா மலையின் கிழக்குச் சரிவில் சேஜ்பிரஷ் புதர்களும் காட்டுப் புகையிலையும் அருகருகே வளரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். சில புதர்களின் இலைகளைக் கத்தரித்தார். வேறு சிலவற்றைத் தொடவில்லை. கத்தரிக்கப்பட்ட புதருக்கு அருகிலிருந்த புகையிலைச் செடிகளை வெட்டுக்கிளிகளும் வெட்டுப்புழுக்களும் மிகக் குறைவாகவே தின்றன. மூன்று பருவங்களில் இது திரும்பத் திரும்ப வந்தது. கத்தரித்ததால் கூடுதல் வெயில் பட்டதோ என்ற ஐயத்தைத் தனிச் சோதனையால் நீக்கினார். மண்ணில் தடுப்பு வைத்து வேர்த்தொடர்பை அறுத்தபோதும் விளைவு மாறவில்லை. காற்றைத் தடுத்தபோது விளைவு மறைந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான இந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பால்ட்வின். 1985இன் மறுப்பாளர்கள் கேட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை என்ற முறையில் அந்த ஆய்வு அமைந்திருந்தது.

இங்கேயும் முடிச்சு முழுதாக அவிழவில்லை. சேஜ்பிரஷ் இயல்பாக வெளியிடும் அளவுக்குச் சமமான மெத்தில் ஜாஸ்மோனேட்டைக் காட்டுப் புகையிலையின் மேல் செலுத்திப் பார்த்தபோது தற்காப்பு தூண்டப்படவில்லை என்று 2004இல் பால்ட்வினின் குழுவே வெளியிட்டது. பெட்டிக்குள் வேலை செய்த அளவு வெளியில் இல்லை. அதே ஆண்டு டம்லின்சன் குழுவினர் மக்காச்சோளத்தில் வேறொரு விளக்கம் தந்தனர். பச்சை வாசனையை முகர்ந்த நாற்று உடனே முழுத் தற்காப்பில் இறங்குவதில்லை, ஆனால் பின்னர் புழு உண்மையில் கடிக்கும்போது, முகராத நாற்றைவிட வலுவாகப் பதில் தருகிறது. இது ‘முன்னாயத்தம்’ எனப்படுகிறது. பக்கத்து ஊரில் திருட்டு என்று கேள்விப்பட்டவர் அன்றே ஊரைக் கூட்டமாட்டார், தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டுப் படுப்பார். செடியின் நடத்தையும் அத்தகையதே. காட்டுப் புகையிலையிலும் இதே முன்னாயத்தம் 2006இல் காணப்பட்டது.

இந்தச் செய்தி செல்லும் தொலைவு மிகக் குறைவு. சேஜ்பிரஷ் புதர்களுக்கிடையே 60 சென்டிமீட்டர் வரைதான் விளைவு அளவிடப்பட்டது. காடு முழுவதும் மரங்கள் உரையாடுவதாகப் பரவும் சித்திரிப்புகளைப் படிக்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பேச்சா, ஒட்டுக்கேட்டலா

காயமுற்ற செடி தன் அண்டைச் செடிக்கு ஏன் உதவ வேண்டும் என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஒளிக்கும் நீருக்கும் இரண்டும் போட்டியிடுகின்றன. எச்சரிப்பது தனக்கே கேடு. எனவே ‘பேச்சு’ என்பதைவிட ‘ஒட்டுக்கேட்டல்’ என்பதே பொருத்தமான சொல் என்று பலர் கருதினர்.

2007இல் மார்ட்டின் ஹைல் மெக்சிகோவின் காட்டு லிமா அவரைக் கொடிகளில் செய்த ஆய்வு இன்னொரு விடையைத் தந்தது. நீண்ட கொடியில் அருகருகே தொங்கும் இரு இலைகள், கொடியின் உள்வழியே அளந்தால் வெகுதொலைவில் இருக்கக்கூடும். கடிபட்ட இலையின் வாசனை காற்று வழியே அதே கொடியின் பக்கத்து இலையை எட்டி, எறும்புகளை ஈர்க்கும் தேன்துளிகளைச் சுரக்கச் செய்தது. வாசனை முதலில் தனக்குத் தானே அனுப்பும் செய்தி என்றால், அண்டைச் செடி கேட்பது தற்செயல். கார்பனும் ஷியோஜிரியும் 2009இல், தன் பதியனிலிருந்தே வளர்ந்த புதரின் வாசனைக்குச் சேஜ்பிரஷ் கூடுதலாகப் பதில் தருவதைக் கண்டது இதற்குப் பொருந்துகிறது.

வெளியேறும் எல்லா ஆவியும் செய்தி அல்ல. வெயில் தாங்கும் மரங்கள் வெளியிடும் ஐசோபிரீன் இதற்கு எடுத்துக்காட்டு. உலகத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் கார்பனை இந்த ஒரே பொருளாக வெளியிடுகின்றன என்பது 1995இல் செய்யப்பட்ட மதிப்பீடு. வெப்பத்திலிருந்து இலையைக் காப்பதே அதன் முதன்மைப் பயன் என்று கருதப்படுகிறது.

தென்னாப்பிரிக்காவின் வேலியிட்ட பண்ணைகளில் கூடு மான்கள் இறந்ததற்கு, வேல மரங்கள் எத்திலீனால் ஒன்றையொன்று எச்சரித்துக்கொண்டு இலையில் டானினை ஏற்றியதே காரணம் என்ற கதை 1990 முதல் உலவுகிறது. இணையத்தில் இன்றும் அடிக்கடி பகிரப்படுகிறது. அந்தக் கதையின் எத்திலீன் பகுதிக்குக் கார்பன் செய்தது போன்ற கட்டுப்பாடான வெளிச்சோதனையின் ஆதரவு இல்லை.

வயலுக்குக் கொண்டுசெல்லும் முயற்சிகள்

கென்யாவில் ஸெயாவுர் கான் தலைமையிலான பன்னாட்டுப் பூச்சியியல் மையத்தின் குழுவும் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் உருவாக்கிய ‘தள்ளு–இழு’ முறை இந்த அறிவின் வெற்றிகரமான பயன்பாடு. தண்டுத்துளைப்பானை விரட்டும் வாசனையுடைய செடிகள் மக்காச்சோள வரிசைகளுக்கிடையே நடப்படுகின்றன. அதை ஈர்க்கும் நேப்பியர் புல் வரப்போரம் வளர்க்கப்படுகிறது. ஊடுபயிராக வளர்த்த ஒரு புல், புழு தாக்காமலே குளவியை அழைக்கும் வாசனையை வெளியிடுவதாக 1997இல் இக்குழு கண்டது.

மரபணு வழியான முயற்சிகள் அவ்வளவு நேராகச் செல்லவில்லை. வேர்ப்புழு தின்னும்போது மக்காச்சோள வேர்கள் காரியோஃபிலீன் என்ற பொருளை மண்ணில் வெளியிட்டு, புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை அழைக்கின்றன என்று 2005இல் தெரியவந்தது. வட அமெரிக்க ரகங்கள் பல இந்தத் திறனை இழந்திருந்தன. ஆரிகனோ மூலிகையின் மரபணு ஒன்றைச் சேர்த்து அது மீட்கப்பட்டபோது, வெளிச்சோதனையில் 60 விழுக்காடு குறைவான வண்டுகளே வெளிவந்தன. ஆனால் எப்போதும் வாசனை வெளியிடும் செடிக்கு அதனாலேயே இழப்பும் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. அசுவினிகளின் அபாய வாசனையை வெளியிடும்படி ரோதம்ஸ்டெட்டில் மாற்றப்பட்ட கோதுமை ஆய்வகத்தில் அவற்றை விரட்டியது. வயலில் விரட்டவில்லை. அந்தத் தோல்வியை 2015இல் ஆய்வாளர்களே வெளியிட்டனர்.

செடி எதனால் முகர்கிறது

மூக்கில்லாத செடி வாசனையை எப்படி உணர்கிறது என்பது இந்தத் துறையின் நீண்டகாலப் புதிர். 2023இல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தில் மசாட்சுகு டொயோட்டாவின் குழு, செல்லுக்குள் கால்சியம் கூடும்போது ஒளிரும்படி மாற்றப்பட்ட கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றைக் கொண்டு இதைப் படம்பிடித்தது. புழுக்கள் தின்னும் இலைகளின் காற்று அதன்மேல் செலுத்தப்பட்டபோது இலை முழுவதும் ஒளி பரவியது. முதலில் ஒளிர்ந்தவை இலைத்துளைகளைச் சூழ்ந்த காப்புச் செல்கள். வாசனை அந்தத் துளைகள் வழியாகவே உள்ளே நுழைகிறது. பதிலைத் தூண்டிய பொருள்கள் இரண்டும் ஹெக்சனால் வகைகள், அதாவது குர்ட்டியஸும் ஃப்ரான்சனும் பிரித்தெடுத்த பச்சை வாசனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அவற்றை உள்ளே பற்றிக்கொள்ளும் ஏற்பி எது என்று அந்தப் படங்கள் காட்டவில்லை. எத்திலீனுக்கான ஏற்பி 1990களிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. 2024இல் பெட்டூனியாப் பூவின் சூலகத்தில், டெர்பீன் வகை வாசனை ஒன்றை உணரும் ஏற்பிப் புரதம் அடையாளம் காணப்பட்டது. அது பூவின் உறுப்புகளுக்கிடையே செல்லும் செய்தி, புழுவோடு தொடர்பற்றது. காயச் செய்தியைச் சுமக்கும் பச்சை வாசனையின் ஏற்பியைத் தேடும் பணி தொடர்கிறது.